காதுப் பஞ்சு

காலையிலிருந்து தம்பி யாருக்கும் பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே ஓடுகிற கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். வழக்கமாக அவன் உதடு ஓயாது. முன்சீட்டுக்காரர் திரும்பி முறைக்கும்வரை, அங்கே இல்லாத ஒருவரிடம் கெஞ்சுவான், அதட்டுவான், சில நேரம் அழுவான். அண்ணன்காரன் அவன் தொடையில் ஒரு கிள்ளு வைத்து அடக்குவான். இன்று கிள்ளுகிற வேலையே இல்லை. அதைவிட, எந்நேரமும் இரண்டு காதிலும் அடைத்து வைத்திருக்கும் பஞ்சையும் காணோம்.

"பஞ்சு எங்கடா?"

தம்பி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "இன்னிக்கு வேணாம்ணே. யாரும் இல்ல."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் பின்சீட்டுகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். தினமும் வாசலில் கத்துகிற கடன்காரன் ஒரு நாள் வராமல் போனால், அவன் எங்கே போயிருப்பான் என்று தோன்றுமே, அப்படி.

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. பகலா, பொழுது சாய்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளை வெளிச்சம். தரை துடைத்த மருந்தின் நெடி. அந்த நெடிக்கு அடியில், வெகுநாள் பூட்டிக்கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று விட்டுவிட்டுச் சீறிக்கொண்டிருந்தது. ஸ்கேன் மெஷினைக் குளிர வைக்கும் பம்பு என்றார்கள். அண்ணன் காதுக்கு அது யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

டாக்டரம்மாவுக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். இந்த மனச்சிதைவு நோய் மூளையில் எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறவர்.

"ஒரே வயித்துல பிறந்த ரெண்டு பேரு. ஒருத்தருக்கு நோய் இருக்கு, இன்னொருத்தருக்கு இல்ல. ரெண்டு மூளையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எங்க வித்தியாசம்னு தெரியும். அதுக்குத்தான் உங்களையும் வரச் சொன்னேன்." பிறகு கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளை, காதோரம் நெருப்புத் துண்டு மாதிரி ஒரு சிவப்பு. "இது தம்பிக்குப் போன தடவை எடுத்தது. குரல் கேட்டா பொத்தானை அமுக்கச் சொல்லியிருந்தோம். அமுக்குறப்பெல்லாம் இந்த இடம் எரியுது. நான் பேசுறதை நீங்க கேட்குறப்போ உங்களுக்கும் இந்த இடம்தான் எரியும். அவர் நடிக்கல. அவருக்கு நிஜமாவே கேட்குது."

அண்ணன் தலையை ஆட்டினான். நாடகக்காரன், சோம்பேறி, வேலைக்குப் போகாமலிருக்க வேஷம் போடுகிறவன் என்று இத்தனை வருஷம் திட்டிய வாய் கசந்தது. இதைச் சொல்ல ஒரு டாக்டரும் ஒரு கம்ப்யூட்டரும் வேண்டியிருந்தது. தம்பியேதான் தினம் சொல்லிக்கொண்டிருந்தானே.

"தம்பிக்குத் தர்றதாச் சொன்ன புது மருந்து கிடைச்சிடுமா டாக்டர்?"

"உங்க ரெண்டு பேர் படமும் சரியா வந்தா கிடைக்கும். இப்ப சாப்பிடுற மருந்தால வர்ற கை நடுக்கம், வாயில எச்சில் வடியுறது எல்லாம் இதுல குறைவு."

"எனக்கும் ஏதாவது இருக்குன்னு வந்துட்டா?"

"ஒருத்தர் நோயில்லாதவரா இருக்கணும். இல்லேன்னா இந்த ஜோடியையே கழிச்சிடுவாங்க. மருந்து வேற குடும்பத்துக்குப் போயிடும்." அவர் சிரித்தார். "உங்களுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கீங்க."

"கல்லு உடைக்கிறவன் வேற எப்படிங்க இருப்பான்."

தம்பியை முதலில் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவன் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே அண்ணன் காதருகே குனிந்தான். அவன் நிறுத்தாமல் சொல்லிவரும் பழைய பாட்டுத்தான்.

"உள்ள யாராச்சும் கூப்பிட்டா பதில் சொல்லிராதண்ணே. நான் ஒரே ஒரு தடவை 'என்ன'ன்னு கேட்டேன். அதோட பிடிச்சுக்கிச்சு."

"சரிடா சாமி. பேசாம உட்காரு."

ஸ்கேன் எடுக்கும் பெண் அண்ணனைப் பலகையில் படுக்க வைத்தாள். "கண்ணுல இரும்புத்தூள் ஏதாவது போயிருக்கா? பல்லுல தங்கம் கிங்கம்?"

"பல்லே வாடகைக்கு இருக்குற மாதிரிதாம்மா இருக்கு. தங்கத்துக்கு எங்க போறது."

அவள் சிரித்துக்கொண்டே அவன் கையில் பொத்தானைத் திணித்தாள். "ஏதாவது குரல் கேட்டா அமுக்குங்க. உங்களுக்குக் கேட்காது. ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்யணும்."

காது மூடியை மாட்டிவிட்டுப் போனாள். கனத்த கதவு சாத்திக்கொண்டது. பலகை நகர்ந்து குழாய்க்குள் போனது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை; அவன் மூச்சே அதில் பட்டுத் திரும்பி அவன் முகத்தில் விழுந்தது. பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் தடதடவென்று அடி, அப்புறம் ரம்பம் போட்டு அறுப்பதுபோல் நீண்ட ஓலம், அப்புறம் இரும்புத் தொட்டிக்குள் பாறை விழுகிற இடி. அவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. கல் அரைக்கும் கிரஷரில் நின்று நின்று காது காய்த்துப்போனவன். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு: இரைச்சலுக்கு அடியில் மனுஷக் குரல் ஏதும் கிடக்கிறதா என்று காது பாட்டுக்குத் துழாவிக்கொண்டே இருக்கும். பெல்ட்டில் கை மாட்டியவன் போடும் கூச்சல் கூச்சலாகக் கேட்காது. கல்லுக்குள்ளிருந்து யாரோ முனகுவது மாதிரிதான் வரும். கேட்டவன் உடனே குரல் கொடுத்துவிட வேண்டும். யார், எங்கே என்று யோசிக்கக் கூடாது. அப்படி யோசித்து நின்ற நேரத்தில் ஒருவனுக்குக் கை தோள்வரை போயிருக்கிறது.

அதனால் அவன் யோசிக்கவில்லை.

"கேட்குதா?"

"கேட்குது. சொல்லுங்க," என்றான்.

மெஷின் அதுபாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு அடியில் ஒரு அமைதி விழுந்தது. வெகுநேரமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவன், உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாற்போல்.

பிறகு, இன்னும் கிட்டே.

"தம்பி ரொம்பக் களைச்சுட்டான்."

காது மூடியிலிருந்து வரவில்லை. இடப்பக்கம். தலைக்குப் பின்னால். அந்தக் குழாய்க்குள் அங்கே ஒரு ஆள் படுக்க இடமில்லை.

அங்கேதான்.

"நீ பாரம் தூக்குறவன்தானே."

கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. கிடைத்தது. குளிர்ந்து கிடந்தது.

"அமுக்கினா மருந்து போயிடும்."

உண்மை. அது சொன்னது உண்மை.

விரலை எடுத்தான். கையை மூடினான். பல்லைக் கடித்துக்கொண்டான். மூச்சு விட்டான். பின்னாலும் ஒரு மூச்சு. அவன் நிறுத்தினான்.

பின்னால் இருந்தது நிற்கவில்லை.

வெளியே வந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. "உள்ள நீங்கதானம்மா பேசினீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான்.

"மெஷின் ஓடுறப்போ நாங்க பேச மாட்டோமே." அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன், ஏதாவது கேட்டுச்சா?"

"சும்மா கேட்டேம்மா."

அடுத்த அறையில் டாக்டரம்மா இரண்டு படங்களையும் அருகருகே வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ஒன்று வெறும் சாம்பல். இன்னொன்றில் காதோரம் சிவப்பு. முன்பு பார்த்ததைவிடப் பெரிய சிவப்பு.

"பேரை மாத்திப் போட்டிருக்கே," என்றார் ஸ்கேன் எடுத்த பெண்ணிடம். " இந்தச் சிவப்பு தம்பியோடது. போன தடவையும் அப்படியே இதே இடம்தான்."

"இல்ல மேடம், முதல்ல போனவர் படம்தான் சாம்பல். பொத்தானும் ரெண்டு பேருமே அமுக்கல..."

"தம்பிக்குச் சிவப்பு வராம இருக்காது. பொத்தானை அமுக்க மறந்திருப்பார்." டாக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு உள்ள ஒண்ணும் கேட்கலையே?"

அறையில் எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தான். அந்தக் கை ஆடவில்லை.

"மெஷின் சத்தம்தாங்க," என்றான்.

அந்தப் பெண் பேர்களை மாற்றினாள். சிவப்பு தம்பிக்குப் போனது. சாம்பல் அண்ணனுக்கு வந்தது. "அடுத்த வாரம் மருந்து ஆரம்பிச்சிடலாம்," என்று டாக்டரம்மா கை குலுக்கினார். நோயே இல்லாதவனுக்கு மருந்து. நோய்க்காரன் கையில் ஆரோக்கியம் என்று அச்சடித்த காகிதம். சிரிப்புத்தான் வந்தது. அவன் சிரிக்கும்போது இடப்பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள்.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. தொடையில் மெதுவாக ஒரு கிள்ளு விழுந்தபோதுதான் தன் உதடு அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. ஒற்றை அறை. தம்பி விளக்கைப் போட்டான், இரண்டு தட்டையும் கழுவி வைத்தான், அண்ணனுக்குச் சுவரோரமாகப் பாயை விரித்தான். இதில் ஒன்றைக்கூட அவன் தானாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. அப்புறம் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பதில் சொல்லிட்டியாண்ணே?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாருக்குப் பதில் சொல்வோம் என்று தெரியவில்லை.

தம்பி சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தான். பழுப்பேறிய இரண்டு உருண்டைகள். எத்தனையோ தரம் அண்ணன் பிடுங்கி எறிந்து, எத்தனையோ தரம் இவன் பொறுக்கி ஊதித் திரும்ப வைத்துக்கொண்ட பஞ்சு. உள்ளங்கையில் வைத்து நிதானமாக உருட்டினான். குழந்தைக்கு மருந்து விடுகிறவன் மாதிரி அண்ணன் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"முதல்ல வலிக்கும். பழகிடும்ணே."

ஒரு காது. தெருவில் போன வண்டிச் சத்தம் அணைந்தது. மறு காது. தம்பி ஏதோ சொன்னான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போய்ப் படுத்து, வாயைப் பிளந்து, கவலையே தெரியாதவனைப்போல் தூங்கிப்போனான்.

அண்ணன் மல்லாந்து கிடந்தான்.

இடப்பக்கம் சுவர். பாய் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஆள் படுக்க இடமில்லை.

அங்கே யாரோ அவன் பக்கமாகப் புரண்டு படுத்தார்கள்.