மூன்றாம் நடை

ஓக் மரத்தில் வெட்டுகள் ஏற்கெனவே இருந்தன. இலை உதிர்ந்து மரமெல்லாம் உறங்கும் குளிர்காலத்தில், அவற்றிலிருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது. லெமுவேல் கிராக்ஸ்டன் கோடரியோடு நின்றார். அவர் போடவந்த குறியை யாரோ போட்டிருக்கிறார்கள். அதுவும் அவர் நிலத்துக்குள் வெகுதூரம் தள்ளி.

வர்ஜீனியாவில் எங்கள் பக்கம் சில ஆண்டுகளுக்கொருமுறை அண்டை அயலார் கூடி எல்லையைச் சுற்றி நடப்போம்; மரத்துக்கு மரம் வெட்டுக்குறியைப் புதுப்பிப்போம். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்பார்கள். மூன்று நடையிலும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்த எல்லை என்றைக்கும் மாறாது. கிராக்ஸ்டன் நீதிபதி, ஷெரிப், தேவாலயக் குழுத் தலைவர். எங்கள் ஊரில் மழை பெய்ய மட்டும்தான் அவர் கையெழுத்து வேண்டாம். பக்கத்து நிலத்தில் தாமசின் என்றொரு விதவை; அவள் காய்ச்சலில் கிடந்த இரண்டு நடையிலும் எல்லையை நகர்த்திக்கொண்டார். படுத்துக் கிடந்தவளின் மௌனமும் சம்மதம்தானே? சிறு வயதிலேயே இறந்த அவள் மகளின் கல்லறையும் அவர் பக்கம் வந்துவிட்டது.

அவள் தேவாலய வாசலில் கேட்டபோது நாங்கள் எல்லோரும் எங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நெலத்த எடுத்துக்குங்கய்யா. எம் புள்ள படுத்திருக்கற எடத்த மட்டும் விட்டுருங்க."

"நடக்கறப்பவே வாயத் தொறந்திருக்கணும், தாயி."

போன வாரம் தாமசின் இறந்தாள். நாளை மூன்றாம் நடை. எல்லாம் ஜோயலுக்காக என்பார் கிராக்ஸ்டன். மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தபின் மிஞ்சிய ஒரே மகன். இப்போது அவனுக்கும் குளிர்காய்ச்சல். மண்ணைச் சேர்த்தால் அவனைப் பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம்.

ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனியில் காயும் புகையிலையின் இனித்த நெடி கலந்து தொண்டையை அடைக்க, முன்னால் எங்கோ ஒரு கோடரி அவசரமே இல்லாமல் மரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்க, அந்தி மங்கலில் அவர் ஒவ்வொரு மரமாகத் தடவியபடி போனார். எல்லாவற்றிலும் ஈர வெட்டு. ஒவ்வொன்றும் வீட்டுக்கு இன்னும் அருகே. ஆப்பிள் தோட்டம். கிணற்றடி. வாசல் தூண்.

படியில் அடிமைப்பெண் டைனா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். உள்ளே போக மறுத்தாள்.

"தம்பியோட கட்டிலச் சுத்தி யாரு எசமான் நடக்கறா?"

மாடி. ஈர மண்ணின் வாசனை. கோடரிச் சத்தம் நின்றிருந்தது.

கட்டிலின் நான்கு கால்களிலும் வெட்டு. தாத்தா காலத்து மரம். சாறு வடிந்தது.

ஜோயல் விழித்திருந்தான். "அந்தம்மா கேக்கறாங்கப்பா. யாருக்காவது மறுப்பு உண்டான்னு."

கிராக்ஸ்டன் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மீண்டும் திறந்தார். காற்று மட்டும்.

காத்திருந்த காலடிகள் மெல்ல நகர்ந்தன. மூன்றாவது சுற்று. முடிந்தது.

ஜோயல் அப்பாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். அங்கே தலையணையில், அவன் முகத்துக்கு நேரே, இன்னொரு சின்னத் தலை அழுந்திய குழி. அதிலிருந்து ஈர மண் அவன் கன்னத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.