மூடியில் கோத்த நீர்

முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகை. மதியச் சாப்பாட்டில் பூஜை மாடத்தை ஒட்டி அம்மாவும், வாசல் பக்கம் அண்ணி மிட்சுயேயும், அவளுக்கு எதிரே நானும் உட்கார்ந்திருந்தோம். என் வலப்புறம் அண்ணன் இசாவோவின் இருக்கை. அதில் ஆளில்லை, அவன் தட்டு மட்டும்.

அண்ணன் சூரைமீன் பிடிக்கும் கப்பலில் போனதிலிருந்து, கடலில் அவனுக்குப் பசிக்கக் கூடாதென்று இப்படித் தட்டு வைக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் அவன் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்ப்போம். உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் நலம்.

அன்று மூடி முழுக்க முத்து முத்தாக நீர்.

"பாரு, உன்னைவிட உன் புருஷன் நல்லா சாப்பிடுறான்," என்றாள் அம்மா.

சிரித்த அண்ணி பாதியில் நிறுத்தினாள். கிண்ணத்தைத் திருப்பினாள். விளிம்பில் சின்ன உடைசல்.

அது செத்துப்போன அப்பாவின் கிண்ணம்.

"அத்தை... தட்டை மாத்தி வெச்சுட்டேன்."

மாடத்தைப் பார்த்தோம். இறந்தவர்களுக்குப் படைக்கும் இடத்தில், ஊதுவத்திப் புகைக்குள் அண்ணனின் சிவப்புக் கிண்ணம்.

"எடுடி. முதல்ல அதை அங்கிருந்து எடு."

அண்ணி இழுத்தாள். நான் இழுத்தேன். அம்மா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

நகரவில்லை.

மூடி மட்டும் கையோடு வந்தது. உட்புறம் வெயிலில் கிடந்த ஓடு போலக் காய்ந்திருந்தது.

சோற்றின் நடுவில் ஒரு கவளம் அளவுக்குப் பள்ளம்.

"எழுது தொயோ," என்றாள் அம்மா. "கப்பல் அடுத்து நிக்கிற துறைமுகத்துக்கு எழுது. உடனே வரச் சொல்லு."

வழக்கம்போல் தேதி போட்டு, உடல்நலம் விசாரித்து, பிறகு 'வந்துவிடு' என்று எழுதினேன். அதற்கு மேல் எங்களால் என்ன செய்ய முடியும்? உறையை ஒட்ட எப்போதும் சோற்றுப் பருக்கைதான். நான் அடுக்களைக்கு எழுந்தபோது அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"அவர் சோத்தாலயே ஒட்டு. வழி தெரிஞ்சு வந்துடுவார்."

மாடத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு விரல் அளவு எடுத்தேன். சில்லென்றிருந்தது. நசுக்கித் தேய்த்து உறையை ஒட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் விரலை நக்கினேன்.

கரித்தது.

விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். வாசலில் தபால்காரர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, மீன் கழுவின கையோடவா ஒட்டினீங்க? ஒரே கடல் வாசனை," என்று சிரித்தபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் தெருவில் இறங்கிப் போகும்வரை, பையின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே போனது.