ஒரு கல், இரண்டு பிடி கரி

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் எழவு விழுந்தால்கூட எவனும் செருப்பைத் தேடுவதில்லை. போனைத் தேடுகிறான்.

குழிக்குள் ஒரு மனுஷன் எலும்பாகக் கிடக்கிறான். ஜன்னல் வழியே ஏழு போன்கள் எட்டிப் பார்க்கின்றன.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க. மறைக்குது" என்றான் ஒருத்தன்.

நகர்ந்தேன். குழியைத் தோண்டியவனே நான்தான். கடப்பாரை இன்னும் கையில் இருந்தது.

காலையிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன்.

சர்வே ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் சங்கிலி இழுத்தவன் நான். செயின்மேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒருத்தன் தன் வேலியைத் தடவுகிற தினுசைப் பார்த்தே, எத்தனை அடி திருடியிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

அன்றைக்குக் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளை உடுப்பில் ஒரு கசங்கல் இல்லை. நானே மாடிப்படி கட்டுவதற்காக என் பக்கத்து வீட்டுக்காரனிடம் இரண்டடி கேட்டுவிட்டு, பதில் வராத எரிச்சலில் இருந்த நேரம்.

"ஐயா, எங்க வீட்டு எல்லைக் கல்லை நீங்கதான் நட்டீங்களாமே... அப்பா சொல்வாரு."

"எந்த வீடு?"

"தண்ணி டேங்குக்குப் பின்னாடி. கிணத்து வீடு."

ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் இருக்கும்.

"அதுக்கு என்ன இப்போ?"

"பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் என் இடத்துல மூணடி விலைக்குக் கேக்கறாரு. அவர் சம்சாரத்துக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலி தெருவுக்குப் போக வழி வேணுமாம். அளந்துட்டுப் பேசலாம்னு சர்வேயரைக் கூப்பிட்டேன். அளந்தா... ஏற்கெனவே என் இடத்துல நாலடி அவர்கிட்டதான் இருக்கு."

"அவன் என்ன சொல்றான்?"

"மெஷின் தப்புங்கறாரு. கல்லை நட்டவரே வந்து சொன்னா ஒத்துக்கறேங்கறாரு."

மெஷினை நம்பாத மனுஷன். எனக்குப் பிடித்துப்போனது. கிளம்பினேன்.

கண்ணாடிக்காரரின் குளியலறை அவர் வீட்டின் கடைசியில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டியது. சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி. சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி அகலக் கதவு. மனைவிக்காகவே கட்டியிருக்கிறார்.

தரையின் நடுவில் சர்வேயர் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருந்தான். கல் இருந்திருக்க வேண்டிய இடம் அதுதானாம். ஆனால் கல், நாலடி தள்ளி, நர்ஸ் வீட்டுப் பக்கம் கம்பி வேலியோடு நின்றுகொண்டிருந்தது.

"யாரு சார் சரி? கல்லா, மெஷினா?" என்றார் கண்ணாடிக்காரர். கையெல்லாம் பழைய கண்ணாடி கீறிய தழும்பு.

"கல்லு நடக்கும். கரி நடக்காது" என்றேன்.

"கரியா?"

"கல்லு நடறதுக்கு முன்னாடி குழியில ஒரு பிடி அடுப்புக் கரி போடுவோம். கல்லைப் பிடுங்கறவன் அதைப் பாக்க மாட்டான். மண்ணுன்னு நினைச்சு மூடிடுவான். நூறு வருஷமானாலும் கரி மக்காது. இந்தக் கல்லுக்கும் போட்டேன். இவங்க அப்பா மகளைக் கூப்பிட்டு அடுப்படியிலேர்ந்து கூடையில கொண்டு வரச் சொன்னாரு."

சர்வேயர் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் மெஷினுக்கு பேட்டரி தீர்ந்தால் அது வெறும் முக்காலி.

சக்கர நாற்காலி கதவருகே வந்து நின்றது.

"என்னங்க... உடைக்கப் போறாங்களா?" என்றாள் அந்த அம்மா.

கண்ணாடிக்காரர் நர்ஸைப் பார்த்தார்.

"அம்மா, தோண்டவே வேண்டாம். அது உங்க இடமாவே இருக்கட்டும். இந்த நாலடியையும் எனக்கே குடுத்துடுங்க. நீங்க சொல்ற விலை. இந்த ரூம் போச்சுன்னா இவ ஒருத்தர் தூக்கிட்டுப் போகாம குளிக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. அளவையில் தோற்றவன் கத்துவான். என் பிறப்பையே சந்தேகப்படுவான். இப்படிக் கெஞ்சுகிறவனை நான் பார்த்ததில்லை.

"கல்லு உங்க பக்கம் நாலடி பெருசாக் காட்டினப்ப கேட்டீங்களா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருநாள் காலையில பாத்தா வேலி தள்ளி இருந்துச்சு... நான் கேக்கல. யாராவது கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள்தான். நான் அளந்த ஊரிலெல்லாம் ஒருத்தனும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு குழி. கரி இருந்தா நாலடியையும் உங்களுக்கே வித்துடறேன்" என்றாள் நர்ஸ். "கேட்டுக்குங்க ஐயா, நீங்கதான் சாட்சி."

அவர் முகம் மலர்ந்துபோனது. உளியை எடுத்து டைல்ஸை அவரே பெயர்த்தார். ஒன்றுகூட உடையாமல், திரும்ப ஒட்ட வேண்டுமே என்று, கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி கழற்றி அடுக்கினார்.

தோண்டினேன். இரண்டரை அடியில் மண் கறுத்தது. அள்ளிக் காட்டினேன். கரி.

சர்வேயர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தான்.

"போதும்" என்று நான் எழுந்தபோது, நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"ஐயா... ஓரத்துல ஏதோ வெள்ளையாத் தெரியுதே. இன்னும் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன்.

கால் எலும்பு. முழங்காலுக்குக் கீழே ஒரு ஸ்டீல் தகடு. ஆறு திருகாணி.

கதவருகே சக்கர நாற்காலி அலறியது.

நர்ஸ் அலறவில்லை. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். "தம்பி..." என்றாள். "பைக்கிலேர்ந்து விழுந்தப்ப எங்க ஆஸ்பத்திரியிலதான் வெச்சாங்க. ஆறு ஸ்க்ரூ. நான்தான் பக்கத்துல இருந்தேன்..."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டதாக எல்லோரும் நம்பிய தம்பி. கண்ணாடிக் கடையில் கட்டிங் வேலை பார்த்தவன்.

அப்புறம்தான் போன்கள் வந்தன. அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

இன்ஸ்பெக்டருக்குக் கேஸை முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் போதுமாயிருந்தது. கண்ணாடிக்காரரின் மேஜை இழுப்பறையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தத் தம்பி கைப்பட எழுதியது. பூர்வீக வீட்டில் தன் பாதியைக் கண்ணாடிக்காரருக்கே விற்கச் சம்மதம் என்று.

"எழுதிக் குடுத்தவன் அப்புறம் மாட்டேன்னுட்டான். அதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்... மறுநாள் ரிஜிஸ்டர் பண்ண வரேன்னான். வரவே இல்ல. அவங்கக்காவைக் கேட்டேன். வெளிநாடு போயிட்டான்னாங்க."

"பொதைச்சே. கல்லைத் தள்ளி வெச்சே. மேல பாத்ரூம் கட்டினே. இன்னைக்குத் தோண்ட வேண்டாம்னு கெஞ்சினே. சரியா?"

"நான்தானே சார் டைல்ஸைப் பேத்தேன்!"

"வேற வழி? பெரியவர் கடப்பாரையோட நின்னாரே."

ஜீப்பில் ஏற்றும்போது அவர் மனைவியைப் பார்த்து, "தண்ணி சூடா இருக்கான்னு பாத்து ஊத்திக்க" என்றார். கொலைகாரன் பேசுகிற பேச்சா அது? அந்த அம்மாவால் வாசற்படி தாண்ட முடியவில்லை. சக்கரம் இடித்து நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் கல்லைச் சரியான இடத்துக்கு மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வரைபடத்தோடு நின்றிருந்தார். நாலடி தள்ளி நின்ற பொய்க் கல்லைப் பிடுங்கினேன்.

பிடுங்கிய குழியில் கை விட்டேன்.

விரல் கறுத்தது.

இன்னொரு தரம் அள்ளினேன். ஒரு பிடி கரி. கல்லுக்கு நேர் கீழே, ஒழுங்காகப் பரப்பி, அழுத்தி...

கையை உதறாமல் குழியையே பார்த்தேன்.

இடம் திருடுகிறவனுக்குக் கரி தெரியாது. தெரிந்தால் பழைய கரியை அல்லவா அள்ளி எறிவான்? இங்கே பழைய கரி அதன் இடத்தில் இருக்க, புதுக் குழிக்குப் புதுக் கரி. கல்லை நடுகிறபோது அடியில் கரி போட வேண்டும் என்று சின்ன வயதில் பார்த்துப் பழகிய கை. யோசிக்காமல் போட்ட கை.

இன்னொன்று. கல்லைத் தள்ளுகிறவன் அடுத்தவன் பக்கம்தான் தள்ளுவான். தன் பக்கமே நாலடி உள்ளே தள்ளி, தன் மண்ணைத் தானே தாரை வார்க்கிறவன் உண்டா? அந்த மண்ணுக்குள் இருப்பது தனக்கு வேண்டாம் என்றால் உண்டு.

இன்ஸ்பெக்டரை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கரியைக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டார். அதுவே பெரிய விஷயம்.

"பெரியவரே, எலும்பு அவன் பாத்ரூம்ல. பேப்பர் அவன் டிராயர்ல. நான் இந்தக் கரியைக் கொண்டுபோய் ஜட்ஜ் முன்னாடி வெச்சா, டீ போடவான்னு கேப்பாரு."

"அந்தப் பேப்பர் வெச்சிருந்தவன் எதுக்குச் சார் கொல்லணும்? அவனுக்குத்தான் பாதி வீடு வரப்போகுதே. வீடு போகப்போறது யாருக்கு?"

"வீட்டுக்குப் போங்க. வெயில் ஏறுது."

ஜீப் போய்விட்டது.

திரும்பினேன். பின்னால் நர்ஸ் நின்றிருந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் கரி.

"புதுக் குழிக்கு வேணுமேன்னு கொண்டு வந்தேன்" என்றாள்.

"ஏம்மா... அன்னைக்குக் கூடையைத் தூக்கிட்டு வந்த பொண்ணு நீதானே? பாவாடையெல்லாம் கரி. உங்கப்பா திட்டினாரு."

"அப்ப எனக்குப் பத்து வயசு. ஞாபகம் இல்லங்கய்யா."

"தேடி வந்து என்னையே கூப்பிட்டியே. அதுக்கு ஞாபகம் இருந்துச்சு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். வேலிக் கம்பியில் கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாத்துக்கிட்டேன். அப்பாவைப் பாத்துக்கிட்டேன். அவங்க போனப்புறம் இந்த வீடு ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. இவர் போய் தம்பிகிட்ட பாதியைக் கேட்டாரு. அவனும் சரின்னுட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களாய்யா, ரெண்டு பேரும்?"

கடப்பாரையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தேன்.

"ஒன்பது வருஷம் சும்மா இருந்தாரு. இப்ப மூணடின்னு மறுபடியும் ஆரம்பிச்சாரு. பாக்கிற நேரமெல்லாம் கேட்டாரு. ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டாரு." அவள் குரல் உயரவே இல்லை. "பதில் சொல்லிட்டேன்."

கல்லை நட்டேன். அடியில் அவள் கொண்டுவந்த கரியைத்தான் போட்டேன். வேலை என்றால் வேலை. பொய்க் கல்லின் கரியை மட்டும் என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன்.

"அதெதுக்கு உங்களுக்கு?"

"அவர் வக்கீலுக்கு. அவராவது டீ போடட்டும்."

சிரித்தாள். பயந்த சிரிப்பு இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ்கள் சிரிப்பார்களே, அது.

"அந்த அக்காவால தனியா இருக்க முடியாதுய்யா. வேளாவேளைக்கு மருந்து குடுக்க நான்தான் போறேன். வீட்டை வித்துட்டு எங்கேயாவது நிம்மதியா இருங்கன்னு சொல்லப் போறேன்."

"யாருக்கு விக்கிறதாம்?"

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத்தானே முதல்ல தரணும்?"

மாத்திரை டப்பாவோடு பக்கத்து வீட்டுப் படியேறினாள். மணி அடித்தது. உள்ளேயிருந்து சக்கரம் உருண்டு வருகிற சத்தம் கேட்டது.

கேஸ் முடிந்துவிட்டதாம். ஊரே சொல்கிறது. போனிலும் வந்துவிட்டதாம். நான் நம்பவில்லை. வக்கீல் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நடந்தேன்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்ட அந்த இரண்டடியை, அவன் பதில் சொல்வதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.