முறத்தில் ஓர் எலும்பு

அன்று காலையும் செல்வலட்சுமி வைத்த சாயா ஆறி ஆடை படிந்து கிடந்தது. மாமியார் அங்கம்மாள் அவள் கையால் எதையும் வாங்கிக் குடித்து ஒரு வாரமாகிறது. மகன் பாண்டியராஜனின் காலை வெட்ட மருமகள் சம்மதித்துவிட்டாளாம். மட்டாஞ்சேரி சந்து முழுக்கச் சொல்லி அழுதாயிற்று. எலும்பில் கட்டி, காலையே எடுக்க வேண்டும் என்ற முதல் டாக்டரிடம் முடியாது என்று சொல்லி, எர்ணாகுளத்தில் வேறு டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனவளே இவள்தான். யார் கேட்டார்கள்? சொல்லிச் சொல்லி அவளுக்கு மனசே மரத்துவிட்டது.

பாண்டியராஜனோ அம்மா திருநீறு பூசாமல் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இனியும் தள்ளினால் காலைக் காப்பாற்ற முடியாது என்று எர்ணாகுளம் டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் காட்டச் சொல்லி ஒன்றைக் கொடுத்தும் அனுப்பியிருந்தார். காட்ட அங்கம்மாள் எங்கே விட்டாள்?

ஆஸ்பத்திரிப் பையைத் துழாவிய அங்கம்மாள், துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். கால் எலும்பு.

“சுடுகாட்டுல பொறுக்குறத, எம்புள்ள உசுரோட இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டாந்துட்டியேடி... பாவி...”

அதன்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, கடலில் விட்டுவர வாசலைத் தாண்டினாள். செல்வலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, அது பிளாஸ்டிக். அவரு ஸ்கேனைப் பார்த்து மெஷின்ல அச்சடிச்சது. செவப்பா இருக்கிறதுதான் கட்டி. அந்த எடத்த மட்டும் எடுத்துட்டு, அதே அளவுல உலோகத் துண்டு அச்சடிச்சு வைப்பாங்க. காலு இருக்கும்.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அங்கம்மாள் அப்படியே உட்கார்ந்தாள். ஆயுசெல்லாம் கிடங்கில் சுக்கில் சொத்தை பார்த்துப் பிரித்தவள். முறத்தை இழுத்து அதில் எலும்பை வைத்து, சுக்கைப் புரட்டுவதுபோல் புரட்டினாள். சிவப்புக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், கட்டைவிரல் நகத்தால்.

“சொத்தை இம்புட்டுதானா? மத்ததெல்லாம் நல்லதா...?”

“ஆமா அத்தை.”

அங்கம்மாள் எழுந்துபோய் மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். ஆறிப்போன சாயாவை எடுத்து ஆடையோடு குடித்தாள். வேறு போட்டுத் தருவதாகச் செல்வலட்சுமி சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சந்துல எல்லார்கிட்டயும் நானே போயி சொல்றேன், மோளே... என் வாயி அவிஞ்சுபோக...”

மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு குலுங்கினாள். செல்வலட்சுமிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. தனக்கும் சேர்த்து அத்தையே அழட்டும் என்று நின்றாள்.