ஹெப்ரான் எடுத்த ஒரு புள்ளி

“டீச்சர்... அந்தப் பேரை மட்டும் எடுத்திருங்களேன்.”

ரீபா திரும்பினாள். மழைக்காக ஃப்ளெக்ஸ் கடைக்குள் ஒதுங்கிய ஒருவன் பின்னால் சொட்டச் சொட்ட நின்றான். அகன்ற தோள்கள்... அவற்றுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சாதுவான கண்கள். அந்தக் கண்களை ஒரு விநாடி அதிகமாகவே பார்த்துவிட்டாள்!

திரையில், பள்ளிக் கண்காட்சிக்கு அவள் தயாரித்த பேனர். 1973இல் அமெரிக்காவின் டொலிடோவில் தொடங்கிய உலகக் கோப்பை முதல், மூன்று வருடங்களுக்கு முன் நம் அணி வெளிநாட்டில் வென்ற அழைப்புக் கோப்பை வரை, அணி மல்யுத்தத்தின் வரலாறு. கீழே, ‘தொகுப்பு: ரீபா, உடற்கல்வி ஆசிரியை.’ அதற்குச் சற்று மேலே, அந்தக் கோப்பையின் ஆட்ட முடிவுகளுக்கிடையே, ‘ஹெப்ரான், 57 கிலோ: 1–9, தோல்வி.’

“ஏன் எடுக்கணும்?”

“தோத்தவன் பேரு எதுக்கு டீச்சர்?”

“வரலாறுன்னா தோத்தவங்களும் இருக்கத்தான் செய்வாங்க. அதைச் சொல்ல நீங்க யாரு?”

“அந்தத் தோத்தவன்தான்.”

சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். கூப்பிட வாயெடுத்தாள்... கௌரவம் விடவில்லை. நான் எழுதியதில் என்ன தப்பு?

“பேட்டையில லேத் பட்டறை வச்சிருக்கான் டீச்சர்” என்றார் கடைக்காரர் சிவகணேஷ். “பாக்கவனெல்லாம், ‘அவ்வளவு தூரம் போயித் தோத்துட்டு வந்தியாலே’ன்னு கேட்டுக் கேட்டே, குஸ்தியையே விட்டுட்டான்.”

அன்று ரீபாவுக்குச் சோறு இறங்கவில்லை. போட்டித் தாளை மறுபடி எடுத்தாள். பத்து எடைப் பிரிவுகள். ஐந்தில் நாம் வென்றோம், ஐந்தில் அவர்கள். அப்படிச் சமமானால், வென்ற விதத்துக்கு ஏற்ப ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தரும் தரப்புள்ளிகளைக் கூட்டுவார்கள். தோற்றவன் ஒரு புள்ளியாவது எடுத்திருந்தால், அவன் அணிக்கு ஒன்று சேரும். தோற்ற நம் ஐவரில் புள்ளி எடுத்தவன் ஹெப்ரான் மட்டுமே. கூட்டினால், இருபத்தொன்றுக்கு இருபது... அடப்பாவி! கோப்பையே அந்த ஒன்றில்தான் வந்திருக்கிறது!

மறுநாள் சாயங்காலம் பேட்டைக்கே போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம் புதிய பேனரைப் போனில் காட்டினாள். அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: ‘இவர் எடுத்த ஒரு புள்ளியால் அணி வென்றது.’

பைய வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான்.

“இது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் டீச்சர்.”

“பெறகு ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“தோத்தவனே சொன்னா, சமாளிக்கான்னு சிரிப்பாங்க. வேற யாராவது சொல்ல மாட்டாங்களான்னு மூணு வருசமா காத்துக் கெடந்தேன்...” அவன் கண்கள் கலங்கிவிட்டன. அவளுக்கும்தான்.

“அப்ப... பேரு இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“சரி, வாரேன்” என்று குடையை விரித்தாள். போக மனமில்லை... ஆனாலும் ஓர் அடி வைத்தாள்.

“நில்லுங்க!” அவன் தூறலிலேயே இறங்கி வந்தான். “இதையும் வேற யாராவது சொல்லட்டும்னு இருக்க மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரீபா.”

அவளுக்குள் இருந்த டீச்சர் எங்கே போனாளோ! அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“எனக்கும்தான்...” என்றாள், குடைக்குள் பாதி ஒளிந்துகொண்டு. “இல்லன்னா பேனரை வாட்ஸ்அப்லயே அனுப்பிருக்க மாட்டேனா?”