காய்ந்துபோன சிவப்பு

போன் அடித்தது.

ஃப்ரேம்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாகவே போன் என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான்.

"நான்தான்..." கேலரி முதலாளியின் குரல். "அந்த ஓவியரோட கடைசிப் படத்தை வாங்க நாலு மணிக்கு வர்றாங்க. கண்ணாடி போடணும். உடனே வா."

நிறைமாத மகள் வாசலில் நின்றாள். அவள் கையில் துணிப்பை. உள்ளே ஒரு சட்டை, ஒரு வேட்டி.

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்களே... போனா எப்பப்பா விடுவாங்க?"

பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று நாள் முன்பு அந்த ஓவியர் தன் ஸ்டூடியோவில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு சுத்தியல். ஃப்ரேம்காரர் வேலை முடித்து, மறந்து வைத்துவிட்டு வந்த அதே சுத்தியல்! கெட்ட நேரம் வந்தால் கூடவே கூட்டாளியையும் கூட்டிக்கொண்டுதானே வரும்?

கேலரியில் இன்ஸ்பெக்டர் இருந்தார். முதலாளியின் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

சுவரில் அந்தப் படம். ஆள் உயரச் சாம்பல் நிறம். நடுவே குறுக்காக ஒரு தடித்த செம்மண் சிவப்புக் கோடு.

"இதுல என்ன சார் இருக்கு?" இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "என் பையன் எங்க வீட்டுச் செவுத்துல இதைவிட நல்லாக் கிறுக்குவான்."

"பாக்கத் தெரியணும் சார். இந்தச் சாம்பல் முழுக்க மௌனம். அதைக் கிழிச்சுக்கிட்டு வருதே சிவப்பு... அது ஒரு அலறல்," என்றார் முதலாளி.

"அலறல் என்ன விலை?"

"ஒரு பங்களா விலை."

"அதை அவர் வரைஞ்சப்போ நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலயே நின்னேன். சாயங்காலம் ஆறு மணி. ஒரே இழுப்பு! உடனே படத்தை வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். அதுக்கப்புறம் அங்க போனது இவன் ஒருத்தன்தான்."

"பொய் சார்." ஃப்ரேம்காரர் முன்னால் வந்தார். "ஏழு மணிக்கு நான் கிளம்புறப்போ படம் அங்கதான் இருந்துச்சு. சிவப்பே இல்ல. 'இது ஊமைப் படம்யா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, காலையில கிழிச்சுடப் போறேன்'னு சொன்னார்."

பத்து தடவை சொன்ன கதை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல வேலையைப் பாரு," என்றார் முதலாளி.

கண்ணாடி வைக்கும் முன்பு சுண்டு விரலால் பெயின்ட்டைத் தொட்டுப் பார்ப்பது ஃப்ரேம்காரரின் வழக்கம். ஈரத்தில் கண்ணாடி பட்டால் படம் போச்சு.

சாம்பலைத் தொட்டார். பிசுபிசுவென்று ஒட்டியது. ஆயில் பெயின்ட்... காய இரண்டு வாரமாவது ஆகும்.

சிவப்பைத் தொட்டார்.

ஒட்டவில்லை. செதில் செதிலாக உள்ளங்கையில் உதிர்ந்தது.



"சார்... இந்தச் சிவப்பைக் கடைசியாத்தானே போட்டார்?"

"சாம்பலுக்கு மேலதானே இருக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சிடுசிடுத்தார் முதலாளி.

"முன்னாடி போட்ட சாம்பலே இன்னும் காயல. பின்னாடி போட்ட சிவப்பு எப்படி சார் காஞ்சு உதிருது?"

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

ஃப்ரேம்காரர் உள்ளங்கையை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "அவருக்குப் பெயின்ட் வாங்கித் தர்றதே நான்தான். ரெண்டு வருஷமா சிவப்பே வாங்கல. இது பெயின்ட் இல்ல சார். ரத்தம்!"

இன்ஸ்பெக்டர் அந்தச் செதில்களைக் காகிதத்தில் மடித்தார். நிதானமாகத் திரும்பினார்.

"இது படத்துல வந்தப்போ பக்கத்துலயே நின்னேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படத்தை முன்னாடியே வித்துட்டேன் சார்... அட்வான்ஸ் வாங்கிட்டேன். எட்டு மணிக்குப் போனா, ஓவியன் கத்தியும் கையுமா நிக்கிறான். கிழிப்பேன்னு ஒரே பிடிவாதம். கைக்குச் சுத்தியல் கிடைச்சுது... படம் மேல தெறிச்சுருச்சு. துடைச்சா சாம்பலும் சேர்ந்து போயிடும். அதான்... பிரஷ்ஷால இழுத்துவிட்டேன்."

வாசலில் ஒரு பெண்மணி. படத்தை வாங்க வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"அப்போ... விலை இன்னும் ஏறுமா?" என்றார் மெதுவாக.

ஃப்ரேம்காரர் மகளுக்குப் போன் போட்டார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறேன்மா..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

முதலாளியின் கையில் விலங்கு ஏறியது.

"நடங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே தினமும் நீங்க பாக்கப்போறது நேர் நேரா பத்துக் கோடு. எல்லாம் இரும்பு. அதுக்கு அர்த்தம் சொல்ல ஆளே வேணாம்!"