குஞ்சைவிடச் சின்னத் தாய்க்கோழி

ஜெஸ்லினுக்குப் பத்து வயது. அவள் அம்மா ஜெபமலர் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடத்தில் தரை துடைக்கிறாள். ஏழு மாடி. எங்கே பார்த்தாலும் கண்ணாடி. துடைக்கிறவர்களைக் கேட்டுவிட்டு யாரும் கட்டிடம் கட்டுவதில்லை.

இரண்டு வருடமாக அம்மா காலையில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவாள். ஒரு தொந்தரவும் இல்லை. திங்கட்கிழமை அந்த நோட்டை எடுத்துவிட்டுச் சுவரில் ஒரு மெஷினை மாட்டினார்கள். விரலை வைத்தால் ஆள் யாரென்று அது கண்டுபிடித்துவிடுமாம்.

எல்லாரையும் கண்டுபிடித்தது. ஜெபமலருக்கு மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

செவ்வாய்க்கிழமை அம்மா விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனாள். சிவப்பு. புதன்கிழமை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். மெஷின் முன்னால் கண்ணை மூடி ஜெபமும் பண்ணினாள். அப்போதும் சிவப்புதான்.

அன்று சாயங்காலம் அம்மா காப்பிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நாளைக்கும் மெஷினு விரல எடுக்கலன்னா வேற ஆளப் போடுவாங்களாம் மக்களே. சூப்பர்வைசர் லிபின் சொல்லிட்டான்."

"நீ துடைக்கிறத அவங்க தெனமும் பாக்காங்கல்ல?"

"அவன் பாத்தா போதாதாம். மெஷினு பாக்கணுமாம்."

ஜெஸ்லின் பையைத் திறந்தாள். ஷைலஜா டீச்சர் ஒரு படம் கேட்டிருந்தார். விரலில் மை தொட்டுக் காகிதத்தில் பதிக்க வேண்டும். அதற்கு மூக்கும் காலும் வரைந்தால் கோழி. வீட்டில் உள்ள எல்லாரும் விரல் பதிக்க வேண்டும். அவள் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அவள் தன் பெருவிரலால் இரண்டு குஞ்சுகள் வைத்தாள். விரலின் கோடுகள் இறகு மாதிரி அழகாக விழுந்தன.

"நீதான் தாய்க்கோழி. உனக்க பெருவிரலக் காட்டு."

அம்மா பதித்தாள். ஒரு நீல உருண்டை விழுந்தது. அதில் ஒரு கோடும் இல்லை.

"மொட்டக்கோழி," என்றாள் ஜெஸ்லின்.

மூன்று நாளில் முதல் தடவையாக அம்மா சிரித்தாள். ஜெஸ்லின் சிரிக்கவில்லை. குஞ்சையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, உனக்க கோடெல்லாம் எங்க போச்சு?"

"அண்டியாபீசுல போச்சு."

முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர். அது மூடும்வரை அம்மா அங்கேதான் பதினாறு வருடம் இருந்தாள். கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடத்தில் தோலைத் தின்னும். கொட்டையைத் தொடுகிற விரலிலெல்லாம் கோடு தேய்ந்துவிடும்.

"அப்ப, மெஷினுக்குக் கோடுதான் வேணும்," என்றாள் ஜெஸ்லின். "எல்லா விரலையும் தா."

ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். மொட்டை. மொட்டை. அரை மொட்டை. ஒன்பது விரல் ஆயிற்று. பத்தாவது, வலது கைச் சுண்டுவிரல். அதைப் பதித்ததும் கோடு கோடாக விழுந்தது.

"இது மட்டும் எப்படிம்மா?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். "அது கொட்ட ஒடைக்கிற சுத்தியல் பிடியில மடங்கியே கெடக்கும். கொட்டையத் தொடாது."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஜெஸ்லினும் அம்மாவுடன் போனாள். கையில் அந்தக் காகிதம்.

லிபின் கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலே ஒருவன் இருந்தான், அவ்வளவுதான். "மோளே, பெருவிரல், இல்லேன்னா ஆள்காட்டி விரல். அதான் ரூலு," என்றான்.

"மெஷினுக்கிட்ட யாராவது சுண்டுவிரலக் காட்டினீங்களா அண்ணே?"

"இல்ல."

"பின்ன அதுக்கு எப்படித் தெரியும்?"

லிபின் காகிதத்தைப் பார்த்தான். ஒன்பது மொட்டையையும் பார்த்தான். பிறகு ஜெபமலரின் கையைப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை.

"சேச்சி, வையுங்க," என்றான் மெதுவாக.

புதிதாகச் சேர்க்க மூன்று தடவை வைக்கச் சொன்னது மெஷின். ஒன்று. இரண்டு. அம்மா ஜெஸ்லினின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று.

பச்சை விளக்கு எரிந்தது.

அம்மா முந்தானையால் அந்தச் சின்ன விரலைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுக்கப் போனாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து ஜெஸ்லினின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வகுப்பில் ஷைலஜா டீச்சர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஜெஸ்லின் இது? தாய்க்கோழி குஞ்சைவிடச் சின்னதா இருக்கு?"

"அது அம்மாவுக்க சுண்டுவிரல் டீச்சர். கோடு உள்ளது அதுலதான், அதான் அதுக்கு மூக்கும் காலும் வரஞ்சேன்," என்றாள் ஜெஸ்லின். "மத்த ஒம்பது விரலும் வேல செய்யும். செஞ்சத மெஷினுக்கிட்டப் போய்ச் சொல்லுறது இதுதான்."